பூனையின் வாய்நீரும் அகவமைதியும்

உள்ளத்தின் விழைவை உடலின் செயலால் உணர்த்தும் தொடர்கள் தமிழில் மிகப் பல. அவற்றுள் ‘வாயூறுதல்’ என்பதும் ஒன்று. புளியங்காயைக் கண்ட அளவிலும், அடுப்பிலிருந்து எழும் பொரியலின் மணத்தை நுகர்ந்த அளவிலும் வாயில் நீர் சுரத்தல் யாவரும் அறிந்த செய்தி. ஆகவே, வாய்நீர் உணவு வேட்கையின் அடையாளமென்று கொள்ளுதல் உலக வழக்காயிற்று. பூனையைப் பற்றிய எண்ணமும் பெரும்பாலும் உணவோடு பிணைந்தே வந்துள்ளது. கம்பர் தம் காப்பியத்தின் அவையடக்கத்திலே, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிடலாம் எனப் புகுந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டார். ஆசையின் பெருமையையும் ஆற்றலின் சிறுமையையும் ஒருங்கே காட்டுதற்கு அதனினும் ஏற்ற விலங்கு கிடைத்தல் அரிது.

ஆயின், வீட்டுப் பூனையை ஊன்றி நோக்குவோர் இக்கருத்தோடு பொருந்தாத காட்சியொன்றைக் காண்பதுண்டு. வயிறார உண்ட பூனை மடிமீது படுத்திருக்கிறது. அண்மையிற் பாலுமில்லை, மீனுமில்லை. ஒருவர் அதன் தலையையும் கழுத்தையும் மெல்லத் தடவுகின்றார். கண்கள் பாதி மூடுகின்றன. தொண்டையிலிருந்து இடையறாத உறுமலொலி எழுகின்றது. முன்னங்கால்கள் மாறிமாறி மடியை அமுக்குகின்றன. சிறிது நேரத்தில் வாயின் ஓரத்திலிருந்து தெளிந்த நீர்த்துளிகள் வடிந்து துணியை நனைக்கின்றன. எல்லாப் பூனைகளிடத்தும் இது காணப்படுவதன்று, சிலவற்றிடமே காணப்படும். காணப்படும் பூனைகளில் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தொடரும்.

உணவு இல்லாதவிடத்து வாயூறுதல் எவ்வாறு நிகழ்கின்றது? இவ்வினாவைப் பூனை வளர்ப்போர் இருவேறு வகையாக எதிர்கொள்கின்றனர். ஒரு சாரார் இதனை நோயென்று அஞ்சி, விசர் பிடித்ததோ என ஐயுற்று, குற்றமற்ற விலங்கைத் துரத்திவிடுகின்றனர். மற்றொரு சாரார், வாய்நீர் எப்பொழுது வடியினும் அன்பின் மிகுதியென்றே எண்ணி, உண்மையாகவே நோயுற்ற விலங்கைக் கவனியாது விடுகின்றனர். இரண்டும் தவறாதலின், இந்நிகழ்ச்சியின் காரணத்தை அறிதல் பயனுடைய ஒன்றாகும்.

வடியும் வாய்நீரை ‘வீணீர்’ என்று கூறுவர். வீண், நீர் என்னும் இரு சொற்களும் புணர்ந்து அமைந்த சொல் அது. ஆயினும், பூனையைப் பொறுத்தமட்டில் அந்நீர் வீணானதன்று. காதின் அடியிலும், கீழ்த்தாடையின் கோணத்திலும், நாவின் கீழும், கன்ன எலும்பின் உட்புறத்திலும், கடைவாய்ப் பல்லின் அருகிலுமாகப் பூனைக்கு ஐந்து சோடி உமிழ்நீர்ச் சுரப்பிகள் உள்ளன. மனிதனின் உமிழ்நீரில் மாப்பொருளைச் சிதைக்கும் அமிலேசு என்னும் நொதியம் நிறைய உண்டு. ஊனையே உணவாகக் கொள்ளும் பூனையின் உமிழ்நீரில் அது மிக அரிது. எனவே, பூனையின் உமிழ்நீர் உணவைச் சமிபாடடையச் செய்வதினும், அதனை நனைத்து வழுக்கலாக்கி விழுங்கச் செய்வதற்கே மிகுதியும் உதவுகின்றது.

அதற்குப் பிறிதொரு பணியும் உண்டு. பூனை விழித்திருக்கும் நேரத்தில் ஒரு கணிசமான பகுதியைத் தன் மயிரை நக்கித் துப்புரவு செய்தலிற் கழிக்கின்றது. அதன் நாவிலுள்ள முட்போன்ற சிம்புகளின் நுனி உட்குடைவானது என்பதும், அக்குடைவு உமிழ்நீரை வாயிலிருந்து எடுத்துச்சென்று மயிரின் அடிவரை சேர்க்கின்றது என்பதும் 2018 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளரால் வெளியிடப்பட்டன. அங்ஙனம் படிந்த நீர் ஆவியாகும்பொழுது உடல் குளிர்கின்றது. உடல் முழுவதும் வியர்வை சிந்தும் இயல்பு பூனைக்கு இல்லாமையால் இக்குளிர்ச்சி அதற்கு இன்றியமையாதது. ஆகவே, உமிழ்நீர் சுரத்தல் உணவு வேளைக்கு மட்டும் உரிய தொழிலன்று. நாள் முழுவதும் ஓயாது நிகழ்வது.

இனி, அச்சுரப்பை ஆள்வது யாது எனக் காண்போம். சுரப்பிகள் குருதியிலிருந்து நீரை வெறுமனே வடிகட்டுவன என்று முன்னையோர் எண்ணினர். 1851 ஆம் ஆண்டளவில் கார்ல் லுட்விக் என்னும் ஜேர்மானிய உடற்றொழிலியலறிஞர், சுரப்பிக்குச் செல்லும் நரம்பைத் தூண்டிய அளவில் உமிழ்நீர் பெருகுதலைக் காட்டினார். அவ்வாறு பெருகும் நீரின் அமுக்கம் குருதியின் அமுக்கத்தையும் விஞ்சக்கூடும் என்பதும் அவர் ஆய்விற் புலனாயிற்று. வடிகட்டலே காரணமாயின் இது நிகழ வழியில்லை. ஆதலின், சுரப்பியின் கலங்கள் நரம்பின் ஏவலாலே தாமே தொழிற்படுகின்றன என்பது தெளிவாயிற்று.

இத்துறையில் பூனைக்குத் தனியிடம் உண்டு. கேம்பிரிட்சைச் சேர்ந்த லாங்லி என்பார் 1878 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பூனையின் கீழ்த்தாடைச் சுரப்பியைப் பற்றியதே. அச்சுரப்பிக்கு இருவகை நரம்புகள் செல்கின்றன. ஒன்று முகநரம்பின் கிளையாய், நடுச்செவியினூடாக வந்து நாவின் நரம்போடு இணைந்து செல்வது; மற்றொன்று கழுத்தின் வழியாக மேலேறி வரும் பரிவு நரம்பு. இரண்டையும் தூண்டினால் பூனையில் உமிழ்நீர் சுரக்கும் என அவர் கண்டார். உள்ளத்தின் ஆணைக்குக் காத்திராது உள்ளுறுப்புக்களை நடத்தும் நரம்புகளைத் ‘தன்னாட்சி நரம்புத் தொகுதி’ எனப் பொருள்படும் பெயரால் 1898 இல் அழைத்தவரும் அவரே. அத்தொகுதியின் ஒரு பகுதி ‘பரிவு’ எனவும், பிறிதொரு பகுதி ‘பரபரிவு’ எனவும் வழங்கப்படும். ஆபத்து நேர்ந்தவிடத்துப் போரிடவும் ஓடவும் உடலை ஆயத்தம் செய்வது முன்னது. ஓய்விலும் சமிபாட்டிலும் உடலைப் பேணுவது பின்னது. உமிழ்நீரைத் தாராளமாகப் பெருகச் செய்வது பெரும்பாலும் இப் பரபரிவுப் பகுதியின் பணியாகும்.

அமைதிக்கும் சமிபாட்டுறுப்புக்களுக்கும் உள்ள தொடர்பைக் கண்ணாற் கண்டறிய வாய்ப்பளித்த விலங்கும் பூனையே. ஊடுகதிர்கள் கண்டுபிடிக்கப்பட்ட மறு ஆண்டாகிய 1896 இன் இறுதியில், அமெரிக்காவின் ஹார்வார்டு மருத்துவக் கல்லூரியில் மாணவராயிருந்த வால்ற்றர் கனன் இவ்வகை ஆய்வைத் தொடங்கினார். பிசுமது உப்பைக் கலந்த உணவைப் பூனைக்கு ஊட்டி, ஊடுகதிரின் உதவியால் இரைப்பையின் அசைவுகளைத் திரையில் அவர் நோக்கினார். அமைதியாயிருந்த பூனையின் இரைப்பையில் அலையலையாக அசைவுகள் ஓடின. பூனை சினந்தபொழுதும் அஞ்சித் திமிறியபொழுதும் அவ்வசைவுகள் அறவே நின்றன. தடவிக் கொடுத்து அதனை ஆற்றுவித்தபின் அவை மீண்டும் தொடங்கின. இச்செய்தி 1898 இல் வெளியாயிற்று. உணர்ச்சி உள்ளத்தளவில் நின்றுவிடுவதன்று, குடல் வரை சென்று எட்டுவது என்னும் உண்மையை மருத்துவ உலகம் உணர்ந்தமைக்கு இவ்வாய்வு ஒரு முக்கிய காரணமாயிற்று.

மடிமீது கிடக்கும் பூனையின் நிலையை இவ்வறிவோடு சேர்த்து நோக்கினால், நிகழ்ச்சியின் முதற் பகுதி விளங்கும். தடவுதலால் அச்சம் நீங்குகின்றது. பரிவு நரம்புகளின் முனைப்பு தணிகின்றது. பரபரிவு நரம்புகள் மேலோங்குகின்றன. இரைப்பையில் அசைவைத் தூண்டும் அதே ஆட்சி, வாயில் நீரையும் தூண்டுகின்றது. உணவு எதிரில் இல்லையாயினும், உணவு உண்பதற்கும் செரிப்பதற்கும் ஏற்ற நிலையை உடல் எய்திவிடுகின்றது.

ஆயினும், சுரத்தல் வேறு; வடிதல் வேறு. எவ்வளவு நீர் சுரப்பினும் அதனை உடனுக்குடன் விழுங்கினால் வெளியே வடியாது. தொங்கும் உதடுகளையுடைய நாய்களிடத்து வாய்நீர் எளிதில் ஒழுகும். பூனையின் உதடுகளோ இறுக்கமாகப் பொருந்துவன. ஆதலின், அதன் வாய்நீர் சாதாரணமாக வெளிப்படுவதில்லை. ஆழ்ந்த தளர்ச்சியில் இருவகை மாற்றங்கள் நேர்கின்றன: தாடையும் உதடும் தளர்கின்றன, விழுங்குதலும் அருகுகின்றது. உறங்கும் மனிதரின் தலையணை நனைதற்கும் இதுவே காரணம். மிகுந்து சுரத்தலும் குறைந்து விழுங்குதலும் ஒருங்கே கூடும்பொழுதே துளிகள் வெளிப்படுகின்றன. இவ்விரண்டையும் பிரித்தறிதல் நோயை ஆராயுமிடத்தும் பெரிதும் உதவுவதாகும்.

இனி, சில பூனைகள் மட்டும் இவ்வாறு செய்வது ஏன் என்பது எஞ்சி நிற்கின்றது. இதற்கு விடை குட்டிப் பருவத்தில் உண்டென விலங்கு மருத்துவர் கருதுவர். கண் திறவாத குட்டி பாலுண்ணும்பொழுது தாயின் மடியை முன்னங்கால்களால் மாறிமாறி அமுக்கும். அவ்வமுக்கம் பால் சுரத்தலைத் தூண்டும். பிறந்த சில நாட்களிலேயே உறுமலொலியும் தொடங்கிவிடும். தாயின் வெம்மை, மென்மையான மயிர், நக்கித் தடவும் நாவு, வாயில் வந்து விழும் பால் ஆகிய யாவும் ஒரே வேளையில் ஒன்றாக நிகழ்கின்றன. பால் வந்தவிடத்து வாய்நீரும் வந்தது. பின்னாளில், மனிதரின் மடிவெம்மையும் தடவும் கையும் அப்பழைய நிலையை எழுப்புகின்றன; கால்கள் மடியை அமுக்குகின்றன; ஒலி எழுகின்றது; பால் இல்லையாயினும் வாய்நீர் சுரக்கின்றது.

இஃது உருசிய அறிஞர் பவ்லோவ் நாய்களிடத்துக் கண்ட உண்மையோடு ஒத்துச் செல்வது. சமிபாட்டின் உடற்றொழிலியலை ஆராய்ந்தமைக்காக 1904 இல் நோபெல் பரிசு பெற்ற அவர், உணவோடு மீண்டும் மீண்டும் சேர்ந்துவந்த ஒலியோ காட்சியோ பின்னர்த் தனித்து வரினும் வாய்நீரைச் சுரக்கச் செய்யும் எனக் காட்டினார். இது நிபந்தனைத் தெறிவினை எனப்படும். நாய்க்கு ஆய்வுகூடத்தில் ஒலி செய்ததைக் குட்டிப் பூனைக்குத் தாயின் மடி செய்துவிடுகின்றது போலும். மனிதரோடு வாழும் பூனைக்கு உணவும் காவலும் வாழ்நாள் முழுவதும் பிறராற் கிடைப்பதால், குட்டிப் பருவத்தின் பழக்கங்கள் முதிர்ந்த பின்னும் அதனிடத்து எஞ்சி நிற்பதற்கு இடமுண்டு.

மணத்தாலும் இத்தகைய நிலை உண்டாதல் கூடும். மேலைநாடுகளில் ‘பூனைப் புதினா’ எனப் பொருள்படும் பெயரால் வழங்கும் செடியொன்றை முகர்ந்த பூனை, அதன்மீது முகத்தைத் தேய்த்து, புரண்டு, வாய்நீர் சிந்தும். அச்செடியிலுள்ள நெப்பெற்றலற்றோன் என்னும் சேர்வையே இதற்குக் காரணம். இவ்வியல்பு எல்லாப் பூனைக்கும் இல்லை. அது பரம்பரையாக வருவது. இதனோடு ஒத்த சேர்வையைக் கொண்ட மற்றொரு கொடியை ஆராய்ந்த யப்பானிய அறிஞர் 2021 இல் வெளியிட்ட முடிவு குறிப்பிடத்தக்கது. அம்மணத்தை நுகர்ந்த பூனைகளின் குருதியில், உடல் தானே ஆக்கும் அபின் போன்ற இன்பப் பொருள் மிகுந்தது. அப்பொருளின் செயலைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபொழுது, தேய்த்தலும் புரளுதலும் ஒழிந்தன.

இச்செய்தி தமிழருக்குப் புதுமையன்று. ஒழுங்கையோரங்களில் தானே முளைக்கும் குப்பைமேனிக்குப் ‘பூனைவணங்கி’ என்பது மற்றொரு பெயர். அதன் வேரைப் பிடுங்கி வெளிப்படுத்தினால் பூனைகள் நாடிவந்து புரளும். அவ்வேரிலிருந்து பூனையை ஈர்க்கும் இரண்டு சேர்வைகளை அவுஸ்திரேலிய இரசாயன அறிஞர்கள் பிரித்தெடுத்து 2016 இல் வெளியிட்டனர். அவை முற்கூறிய நெப்பெற்றலற்றோனுக்கு நெருங்கிய உறவுடையன. செடிக்குப் பெயரிட்ட முன்னோர் வேதியியல் அறிந்திலர். ஆயினும், பூனையை நன்கு நோக்கியிருந்தனர்.

இதுவரை கூறியவை இன்பத்தால் வடியும் நீரைப் பற்றியன. வாய்நீர் வடிதல் துன்பத்தின் அடையாளமாதலும் உண்டு. லாங்லியின் ஆய்விற் கண்டவாறு, பரிவு நரம்பும் பூனையின் சுரப்பியைத் தூண்டவல்லது. வண்டியில் ஏற்றிச் செல்லும்பொழுது அச்சத்தாலும் குமட்டலாலும் பூனை வாய்நீர் சிந்தும். கசப்பான மருந்து நாவிற் பட்ட அளவில் நுரை தள்ளும். பல்லும் ஈறும் அழுகினும், மீன்முள் தைப்பினும், நூல் நாவின் அடியிற் சுற்றிக்கொள்ளினும், வாயில் கழலை தோன்றினும் நீர் வடியும். நாய்க்கெனச் செய்யப்பட்ட தெள்ளுமருந்துகளில் பேமெத்திரின் கலந்தவற்றைப் பூனைக்குப் பூசினால், நீர் வடிதலோடு நடுக்கமும் வலிப்பும் உண்டாகி உயிருக்கே இறுதி நேரலாம். அந்நஞ்சை மாற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு.

ஆகவே, இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். இன்பத்தால் வடியும் நீர் தெளிவானது, சில துளிகளே, தடவும்பொழுது தொடங்கி, பூனை எழுந்து சென்றபின் நிற்பது, இளமைதொட்டு வருவது. அதனோடு பாதி மூடிய கண்களும், தளர்ந்த உடலும், நல்ல பசியும் கூடியிருக்கும். நோயால் வடியும் நீர் நேரம் கருதாது ஒழுகும். தீநாற்றம் உடையதாய், சிலவேளை குருதி கலந்ததாய் இருக்கும். உணவை நாடிவந்து உண்ணாது திரும்புதல், ஒரு பக்கத்தாலேயே மெல்லுதல், முகத்தைக் காலாற் பிறாண்டுதல், மயிரை நக்காது அழுக்காக விடுதல், மெலிதல் என்பன அதனோடு சேர்ந்து தோன்றும். முதிர்ந்த வயதில் புதிதாகத் தொடங்கும் வாய்நீரை அன்பெனக் கொள்ளுதல் ஆகாது. உறுமலொலியை மட்டும் நம்பி மகிழ்ச்சியென முடிவு செய்தலும் பொருந்தாது. காயமுற்ற பூனையும் நோயாற் சாகுந்தறுவாயிலுள்ள பூனையும் அவ்வொலியை எழுப்புவதுண்டு.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது விசர்நோய். இந்நோய் இலங்கையில் பெரும்பாலும் நாய்களாற் பரவுவது, பூனைகளுக்கும் வருவது. இந்நோயின் வைரசு மூளையை அடைந்தபின் நரம்புகளின் வழியே உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குச் சென்று அங்குப் பெருகுகின்றது. அதே வேளையில் தொண்டையின் தசைகள் செயலற்றுப்போவதால் விழுங்கல் தடைப்படுகின்றது. விழுங்கப்படாத நீர், நோய்க்கிருமியோடு வெளியே வழிகின்றது. இயல்பு திடீரென மாறி, காரணமின்றிச் சீறிப் பாய்ந்து கடிக்கும் பூனையோ, நடை தள்ளாடி வாய்நீர் ஒழுக்கும் பூனையோ காணப்படின் அதனைத் தீண்டலாகாது. கடியோ கீறலோ நேரின், அல்லது புண்பட்ட தோலில் அந்நீர் படின், அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். நோயின் குறிகள் மனிதரிடத்துத் தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக மிக அரிது. தோன்றுமுன் தடுப்பூசி ஏற்றினால் அதனைத் தடுத்தல் இயலும். வீட்டுப் பூனைக்கு உரிய காலத்தில் தடுப்பூசி ஏற்றிவைத்தலே மடிமீது அது சிந்தும் துளிகளை ஐயமின்றி ஏற்பதற்கு வழியாகும்.

நலமுள்ள பூனையின் வாய்நீரும் சிலருக்கு ஒவ்வாது. பூனையால் தும்மலும் இழுப்பும் வருவது மயிரினால் என்பர். உண்மையில் அதன் உமிழ்நீரிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உள்ள புரதமே முதன்மையான காரணம். நக்குதலால் மயிரிற் படிந்து, உலர்ந்து, அது காற்றிற் பரவுகின்றது. அத்தகையோர் நனைந்த துணியை மாற்றிக் கையைக் கழுவுதல் நன்று. பிறர்க்கு அது பெரும்பாலும் தீங்கு செய்வதன்று.

ஒரே துளி நீர் பசியையும் அமைதியையும் அச்சத்தையும் கொடிய நோயையும் குறித்தல் கூடும். அதன் பொருளைத் தனித்து நின்று அந்நீர் உரைப்பதில்லை; கண்ணும் செவியும் வாலும் நடையும், அவ்விலங்கின் நேற்றைய வழக்கமும் சேர்ந்தே உரைக்கின்றன. நாள்தோறும் தன் பூனையை நோக்கி அதன் இயல்பை அறிந்திருப்பவனே மாற்றத்தையும் முதலில் அறிவான். அவ்வாறு அறிந்தவனுக்கு, மடியை நனைக்கும் அச்சில துளிகள் வீணீர் அல்ல. தன்னினும் பன்மடங்கு பெரிய உயிரொன்றின் மடியிலே, இயல்பாகவே எச்சரிக்கை மிகுந்த சிறு விலங்கு காவலைத் துறந்து, தாயின் மடியிற் கிடந்த நாளின் அமைதியை எய்தியது என்பதற்கு அவை சான்றாகும்.